வீட்டுப் பட்டறையில் சின்ன எஞ்சினும் மாதிரி விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன எஞ்சின் கடைபவர்களும் மாதிரி விமானம் கட்டுபவர்களும் கூடும் இடத்தில் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அப்படி என் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி எழுதவில்லை. அதனால் முதன்முறை வருபவர்கள் மேலிருந்து வரிசையாகப் படித்து வருவது நல்லது.

"எனக்கு ரெண்டுமே புதுசு. முதல்ல எஞ்சின் செய்யறதா, விமானம் கட்டறதா?"

இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கலாம். பால்சா எனும் லேசான மரத்தின் தகட்டில் வெட்டி ஒட்டிய கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம், ஒரு மாலையில் தயாராகிவிடும். எடை எங்கே இருக்க வேண்டும், இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அது பறந்தே காட்டிவிடும். எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. வாரக்கணக்கில் உலோகத்தைக் கடைந்த பிறகுதான் அது சுற்றுமா சுற்றாதா என்பதே தெரியும். எஞ்சின் வேலை அலுப்புத் தட்டும் நாளில் கிளைடர் கைகொடுக்கும்.

ஆனால் முதல் எஞ்சினை முதல் விமானத்தில் மாட்டாதீர்கள். கீழே விழுந்தால் எஞ்சின் நின்றதால் விழுந்ததா, விமானமே சரியில்லையா என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. புது எஞ்சினைப் பறந்து பழகிய விமானத்தில் மாட்டுங்கள். புது விமானத்தை நம்பகமான எஞ்சினோடு பறக்கவிடுங்கள்.

"லேத் இல்லாம எஞ்சின் செய்யவே முடியாதா?"

லேத் என்ற கடைசல் இயந்திரம் இல்லாமலே சில வகைகளைச் செய்ய முடியும். முழுக்கக் கண்ணாடியாலான, தண்டும் கண்ணாடியாக இருக்கும் சிரிஞ்சை பிஸ்டனும் சிலிண்டருமாக வைத்து, சோதனைக் குழாயைச் சூடேறும் பகுதியாக வைத்து, அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதால் ஓடும் ஸ்டிர்லிங் எஞ்சின் செய்யலாம். ரப்பர் முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் இதற்கு ஆகாது, உராய்வே எஞ்சினை நிறுத்திவிடும். பித்தளைக் குழாய், பித்தளைத் தகடு, நிலையாக நிற்கும் ஒரு ட்ரில்லிங் மெஷின் இவற்றை வைத்து எளிய நீராவி எஞ்சினும் செய்துவிடலாம்.

உள்ளே எரிபொருள் எரியும் எஞ்சின் என்று வந்தால் லேத் வேண்டும். பெரியது தேவையில்லை. சுமார் 180 மி.மீ. விட்டம் வரை சுழலவிடும், மேசைமேல் வைக்கிற லேத் போதும். லேத்தின் அளவைவிட அதன் நிலைமைதான் முக்கியம்: ஸ்லைடுகளில் ஆட்டம் இருக்கக் கூடாது, டூல் நுனி துல்லியமாக மைய உயரத்தில் நிற்க வேண்டும். வேலைத்துண்டைப் பிடிக்கும் நான்கு தாடை சக் ஒன்றும், மையம் விலகுவதைக் காட்டும் டயல் கேஜ் ஒன்றும் இருந்தால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் கடைந்துவிடலாம். ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: சக் சாவி சக்கில் இருக்கும்போது அதிலிருந்து கையை எடுக்காதீர்கள். மறந்து சுவிட்சைப் போட்டால் அது முகத்துக்கு நேராகப் பறந்து வரும்.

"முதல் எஞ்சினா எதைச் செய்யலாம், சார்?"

ஆடும் சிலிண்டர் நீராவி எஞ்சின். இதில் தனி வால்வு கிடையாது. பிஸ்டன் தண்டு நேராகக் கிராங்க்கில் மாட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது சிலிண்டர் ஓர் அச்சில் இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்திலேயே சிலிண்டரில் உள்ள துளை ஒரு பக்கம் நீராவி வரும் துளையோடும், மறுபக்கம் வெளியேறும் துளையோடும் பொருந்திக்கொள்ளும். செய்ய வேண்டிய பாகங்கள் ஒரு கைப்பிடி அளவுதான். ஆனால் கடைதல், துளையிடுதல், மரை போடுதல், தட்டையான முகம் தேய்த்தல் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இதை ஓட்டிப் பார்க்க பாய்லர் தேவையில்லை. காற்று அடிக்கும் பம்பே போதும். சிலிண்டரும் அது சாய்ந்து நிற்கும் தட்டும் சேரும் இரண்டு முகங்களையும் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாளை வைத்துத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். எஞ்சினின் முக்கால்வாசி உயிர் அங்கேதான் இருக்கிறது. அடுத்து ஸ்டிர்லிங், அதற்கடுத்து சிறு டீசல் அல்லது க்ளோ எஞ்சின் (இவை என்னவென்று பின்னால் வரும்) என்று போகலாம்.

"நிஜ எஞ்சினோட வரைபடத்தை எடுத்து பத்துல ஒண்ணா சுருக்கினா ஆச்சு, இதுல என்ன இருக்கு?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கீழே வரும் பல சந்தேகங்களுக்கு வேர் இங்கே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீளத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் பரப்பு நூறில் ஒரு பங்காகும், கொள்ளளவு ஆயிரத்தில் ஒரு பங்காகும். மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது, அந்த வெப்பம் தப்பிப் போவது சுவரின் பரப்பைப் பொறுத்தது. அப்படியென்றால் சின்ன சிலிண்டரில் ஒவ்வொரு துளி வாயுவும் பத்து மடங்கு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெரிய எஞ்சினில் தானாகப் பற்றிக்கொள்ளும் கலவை சின்னதில் குளிர்ந்து அணைந்துவிடுவதற்கும், சின்ன நீராவி எஞ்சினின் சிலிண்டரில் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரே வடிவதற்கும் இதுதான் காரணம்.

கசிவைப் பாருங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி உங்கள் கைத்திறனைப் பொறுத்தது, அது தானாகப் பத்தில் ஒன்றாகாது. இடைவெளி அப்படியே இருந்தால், உள்ளே இருக்கும் வாயுவோடு ஒப்பிடும்போது கசியும் வாசல் நூறு மடங்கு பெரிதாகிவிடும். சின்ன எஞ்சின்கள் நிமிடத்துக்கு பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது: கசிவதற்கு நேரம் கொடுக்காமல் வேலையை முடித்துவிட வேண்டும். ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் கதை இன்னும் கடுமை. அதன் சுழல் நிலைமம் அளவின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது, பத்தில் ஒன்றாக்கினால் லட்சத்தில் ஒன்று. அதனால்தான் நன்றாக ஓடும் மாதிரி எஞ்சின்களில் ஃப்ளைவீல் பார்வைக்குச் சற்றே பெரிதாக இருக்கும்.

எல்லாமே பாதகம் என்றும் எண்ண வேண்டாம். பாகத்தின் எடை ஆயிரத்தில் ஒன்றாகும்போது அதைத் தாங்கும் குறுக்குவெட்டு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது, ஆகவே சின்னவை தம் எடைக்கு மிக உறுதியானவை. ஆக, வெளித்தோற்றத்தை விகிதத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் துளைகள், தடிமன்கள், வால்வு நேரங்கள் ஆகியவற்றைச் சின்ன எஞ்சினுக்கென்றே யோசித்து வரையுங்கள்.

"எந்தப் பாகத்துக்கு எந்த உலோகம்?"

சுருக்கமாக: பிஸ்டனுக்கு வார்ப்பிரும்பு, அது ஏறி இறங்கும் சிலிண்டர் குழலுக்கு எஃகு. தன்னிடமே கிராஃபைட் வைத்திருப்பதால் வார்ப்பிரும்பு வழுக்கி ஓடும். கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸுக்கு 6061 வகை அலுமினியம், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு 2024 அல்லது 7075 வகை அலுமினியம், தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு வெண்கலம். நீராவி எஞ்சினுக்குப் பித்தளையும் வெண்கலமும் போதும், துருப்பிடிக்காது. பித்தளையில் ட்ரில் போடும்போது அது திடீரென்று உள்ளே கடித்து இழுக்கும். ட்ரில்லின் வெட்டும் விளிம்பை லேசாக மழுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

"என் லேத்ல 0.01 மி.மீ. கூட நிக்காது. பிஸ்டனுக்கு அதைவிட நுணுக்கம் வேணுமாமே?"

வேண்டும். பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரிங் இல்லாத சின்ன எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை லேத்தில் கடைந்து எடுக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். லாப்பிங் என்பார்கள். சிலிண்டரைவிட மென்மையான உலோகத்தில், அதாவது செம்பு, அலுமினியம், பித்தளையில் ஒரு தண்டு கடைந்து, நடுவில் பிளந்து, திருகு வைத்து விரியும்படி செய்கிறோம். அதில் தேய்ப்புப் பசையைத் தடவினால் தூள் மென்மையான உலோகத்தில் பதிந்துகொண்டு கடினமானதைத் தேய்க்கும். தண்டு மெதுவாகச் சுழல, சிலிண்டரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நிறுத்தாமல் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் அங்கே குழி விழும்.

பிஸ்டனை 0.02 மி.மீ. அளவுக்குப் பெரிதாகக் கடைந்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வளைய வடிவ லாப் செய்து வெளிப்புறத்தைத் தேய்த்து இறக்க வேண்டும். இங்கே மைக்ரோமீட்டரைவிட சிலிண்டரே நல்ல அளவுகோல். அடிப்பக்கம் நுழைந்து, மேலே போகப்போக இறுகினால் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதற்கு முன்னும் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆறவைத்துப் பாருங்கள். கைச்சூடு பட்ட பிஸ்டன் பொய் சொல்லும். எண்ணெய் இல்லாமல் பிஸ்டனை சிலிண்டரில் விட்டு, மறுமுனையை விரலால் அடைத்தால் காற்றுமெத்தையில் நிற்பதுபோல் தயங்கி இறங்க வேண்டும்.

சிலர் பசையைத் தடவி பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றோடொன்று தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டுமே வடிவம் இழக்கும், மென்மையானதில் பதிந்த தூள் எஞ்சின் ஓடும் காலமெல்லாம் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

"ஸ்டிர்லிங் எஞ்சின் பாக்க அழகா முடிச்சுட்டேன், ஆனா சுத்த மாட்டேங்குது"

ஸ்டிர்லிங் எஞ்சினின் பலம் மிகக் குறைவு, அதனால் அது எந்தக் குறையையும் மன்னிக்காது. முதலில் உராய்வைப் பாருங்கள். பிஸ்டன்களைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை ஒரு சுண்டு சுண்டினால் நெடுநேரம் சுற்றி, நிற்கும்போது கனமான பக்கம் கீழே வந்து லேசாக ஊசலாட வேண்டும். சட்டென்று நின்றால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது பேரிங்கில் கெட்டியான எண்ணெய் இருக்கிறது. பேரிங் ரப்பர் மூடியோடு வந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, கிரீஸைக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது கசிவு, அதன் பிறகு கோணம். காற்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளும், டிஸ்ப்ளேசர் எனப்படும் நகர்த்தி, வேலை செய்யும் பிஸ்டனைவிட 90 பாகை முன்னால் ஓட வேண்டும். பின்னால் வைத்துவிட்டால் எதிர்த்திசையில் ஓட முயலும். மூன்றும் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் குளிர்ந்த பக்கம் குளிராமல் இருக்கும். சூடேறும் முனையிலிருந்து உலோகத்தின் வழியாகவே வெப்பம் நடந்து வந்து மறுமுனையையும் சுடவைத்துவிடும். நடுவில் மெல்லிய சுவருள்ள எஃகோ கண்ணாடியோ வையுங்கள். ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்றபோதே வெப்பத்தைத் தேக்கித் திருப்பித் தரும் ஓர் அமைப்பை அதில் சேர்த்திருந்தார், வெப்பம் வீணாவதுதான் இதன் பெரும் பிரச்சினை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பாய்லருக்கு சாதாரண ஈயப் பற்று போதாதா? சின்னதுதானே?"

போதாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகை செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். 3 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 143 பாகை. பார்க்க இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் தண்ணீர் தீர்ந்து, தீ வெறும் செம்பில் படும் நிமிடத்தில் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். செம்புப் பாய்லரை 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றால்தான் இணைக்க வேண்டும். பழைய பற்றுக்கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காட்மியம் இல்லாதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள்.

பாய்லர் முடிந்ததும் ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு, குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பிச் சோதிக்க வேண்டும். காற்றை அடைத்து ஒருபோதும் சோதிக்கக் கூடாது. தண்ணீர் அமுங்காது, அதனால் இணைப்பு விட்டாலும் ஒரு சொட்டோடு அழுத்தம் போய்விடும். அமுங்கிய காற்று வெடிக்கும். சேஃப்டி வால்வு, அழுத்தமானி, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி மூன்றும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

"க்ளோ, டீசல், ஸ்பார்க்... மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

ஸ்பார்க் எஞ்சின் நாம் வண்டிகளில் பார்ப்பதுதான்: பிளக், காயில், பேட்டரி. க்ளோ எஞ்சினில் பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த நுண்ணிய சுருள்கம்பி இருக்கும். தொடங்கும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் இணைப்பை எடுத்துவிடலாம். மெதனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டதும் அந்த உலோகத்தின் வினையூக்கத்தால் வெப்பம் உண்டாகி, கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். ரே ஆர்டன் 1947-இல் இந்த பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் விமானங்களிலிருந்து காயிலும் பேட்டரியும் இறங்கின. அந்த எடைக் குறைவு சிறு விமானங்களுக்குப் பெரிய வரம்.

மாதிரி டீசலில் பிளக்கே கிடையாது. கலவையை இறுக்கியே பற்றவைக்கிறது. சிலிண்டரின் தலையில் திருகால் ஏறி இறங்கும் ஓர் எதிர்ப்பிஸ்டன் இருக்கும். அதை வைத்து இறுக்கத்தை ஓடும்போதே மாற்றலாம். இந்த மூன்றில் வீட்டில் முதலில் செய்ய நான் சிபாரிசு செய்வது இதைத்தான், ஒன்று முதல் இரண்டரை சி.சி. அளவில். பற்றவைப்பு நேரம், இறுக்கம் இரண்டும் உங்கள் விரலில் இருப்பதால், கடைசலில் சிறு பிழை இருந்தாலும் திருகைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். நல்ல பிஸ்டன் பொருத்தம் மட்டும் கட்டாயம்.

"அந்த டீசல்ல பங்க்ல வாங்கற டீசலை ஊத்தலாமா?"

ஓடாது. மேலே சொன்ன பரப்பு–கொள்ளளவுக் கணக்கால் சின்ன சிலிண்டரில் வெப்பம் தங்காது, தாழ்ந்த வெப்பத்திலேயே பற்றும் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் ஈதர். ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு, அதோடு ஒன்றிரண்டு சதவீதம் பற்றவைப்பை எளிதாக்கும் நைட்ரேட் வகை. க்ளோ எஞ்சினுக்கு 80 சதவீதம் மெதனால், 20 சதவீதம் ஆமணக்கெண்ணெய் என்பது பழைய எளிய கலவை. நைட்ரோமெதேன் சேர்த்தால் பலமும் தாழ்வேக ஓட்டமும் கூடும்.

இந்தத் திரவங்களை மதியுங்கள். ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். மெதனால் குடித்தால் கண்ணும் உயிரும் போகும், தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் எடுக்க முடியாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

"புது எஞ்சின், நூறு தடவை சுண்டிட்டேன், ஒரு இருமல்கூட இல்ல"

முதலில் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மேல் நிலையைக் கடக்கும்போது கையைத் திருப்பித் தள்ளும் இறுக்கம் இல்லையென்றால் லாப்பிங் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். இறுக்கம் இருந்தால் எரிபொருள் வருகிறதா என்று பாருங்கள். காற்றுத் துளையை விரலால் மூடி இரண்டு சுற்று சுற்றினால் குழாயில் எரிபொருள் நகர்வது தெரிய வேண்டும். க்ளோ என்றால் பிளக்கைக் கழற்றி, கம்பி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் சிவக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றும்போது ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல் நின்றால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது. பலத்தால் தள்ளாதீர்கள், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டீசலில் எதிர்ப்பிஸ்டன் திருகைத் தளர்த்துங்கள், க்ளோவில் பிளக்கைக் கழற்றி எஞ்சினைக் கவிழ்த்துச் சுற்றி வெளியேற்றுங்கள். இன்னொன்று: எஞ்சினைச் சோதிக்க அதன் கிராங்க் கேஸை வைஸில் பிடிக்காதீர்கள். நெரிந்தால் உங்கள் உழைப்பெல்லாம் போச்சு. கனமான பலகையில் அதற்கென ஒரு தாங்கி செய்து திருகி மாட்டுங்கள்.

"சின்ன புரொப்பெல்லர், பட்டா என்ன ஆகிடப் போகுது?"

10 அங்குல விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் அதன் நுனி நொடிக்கு 160 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 570 கிலோமீட்டருக்கு மேல். விரலை எலும்போடு எடுத்துவிடும். எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வை எப்போதும் பின்னாலிருந்தே திருப்புங்கள். சுழலும் வட்டத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, உடைந்த துண்டு அந்தத் தளத்தில்தான் பறக்கும். சுண்டுவதற்குக் கனமான கையுறையோ மரக்குச்சியோ வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு தட்டிய புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள்.

"ஊசி வால்வை எவ்வளவு திறக்கணும்? எல்லாரும் ஆளுக்கொன்னு சொல்றாங்க"

எண்ணிக்கையை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். எரிபொருள் மிகுந்தால் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து, தடித்த குரலில் புகையோடு ஓடும். ஊசியை மூடிக்கொண்டே போனால் குரல் சட்டென்று மெலிந்து உயரும். அதற்கும் மேலே மூடினால் வேகம் தளரும், சூடேறும், நிற்கும். உச்ச வேகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றுத் திறந்த நிலையில் விடுங்கள். ஓடும்போது எரிபொருள் குழாயை ஒரு கணம் கிள்ளிப் பாருங்கள்: வேகம் லேசாகக் கூடினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள், உடனே தொய்ந்தால் எரிபொருள் போதவில்லை.

"பால்சான்னா பால்சாதானே, அதுல என்ன தரம் பாக்கறது?"

ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளைத் தராசில் வைத்தால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு எடை இருக்கலாம். கன மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறைந்ததும் உண்டு, 200 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இறக்கையின் நீள்சட்டத்துக்குக் கெட்டியானது, வால் பகுதிக்கு லேசானது. வால் நுனியில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும்.

வெட்டும் திசையும் உண்டு. புள்ளி புள்ளியாக மின்னும் தகடு குறுக்கே வளையாது, இறக்கையின் விலாக்களுக்கு அதுவே உகந்தது. நீளக் கோடுகள் மட்டும் தெரிவது எளிதாக வளையும், வளைந்த உடல் போர்த்த ஏற்றது.

"பேலன்ஸ் எங்க இருக்கணும்? எடை சமமா இருந்தா போதாதா?"

விரலில் தாங்கினால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் புள்ளிதான் பேலன்ஸ். சாதாரண அமைப்புள்ள விமானத்துக்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள். அகலம் 200 மி.மீ. என்றால் முன்விளிம்பிலிருந்து 50 முதல் 66 மி.மீ. வரை. முதல் பறத்தலுக்கு 50 பக்கமாகவே வையுங்கள். மூக்கு சற்றுக் கனத்தால் விமானம் மந்தமாக இருக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும். வால் கனத்தால் காற்றில் ஏற்படும் சிறு அசைவும் தானாகப் பெருகிக்கொண்டே போகும், எந்தக் கட்டுப்பாடும் அதைப் பிடித்து நிறுத்தாது. எரிபொருள் தொட்டி காலியாக இருக்கும்போது அளந்து பாருங்கள். தொட்டி இறக்கைக்கு முன்னால் இருப்பதால், அது தீரத் தீர எடை பின்னால் நகரும்.

"கையால விட்டா மூக்கைத் தூக்கி, நின்னு, தொபுக்குனு விழுது. திரும்பத் திரும்ப அதே"

இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது. முதலில் பேலன்ஸ் மேலே சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் அதைத் தொடாமல், வாலின் பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள், அல்லது இறக்கையின் பின்விளிம்புக்கு அடியில் மெல்லிய பட்டை வையுங்கள். மாற்றாக, மூக்கு குத்தி இறங்கினால் நேர் எதிராகச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

காற்று அசையாத அதிகாலையில், புல்தரையில், கண் மட்டத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கி, மேலே எறியாமல் ஈட்டிபோல் நேராக விடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் இறக்கை முறுக்கியிருக்கிறது. கெட்டிலின் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து ஆறவிடுங்கள்.

"நிஜ விமானத்தோட இறக்கை வடிவத்தை அப்படியே வெச்சா நல்லாத்தானே பறக்கணும்?"

எஞ்சினைச் சுருக்கக் கூடாது என்று சொன்ன அதே காரணம் இங்கே காற்றின் வடிவில் வருகிறது. சின்ன இறக்கைக்குக் காற்று நம் கணக்கைவிடப் பிசுபிசுப்பானது. இதை அளக்கும் ரெனால்ட்ஸ் எண்ணை, வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கிலும் அகலத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, சுமார் 68,000-ஆல் மறுபடி பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். நொடிக்கு 10 மீட்டர் வேகமும் 15 செ.மீ. அகலமும் உள்ள மாதிரிக்கு அது ஒரு லட்சம். 50 மீட்டர் வேகமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள நிஜ விமானத்துக்கு ஐம்பது லட்சம்.

எண் குறையக் குறைய தடித்த இறக்கையின் முதுகிலிருந்து காற்று சீக்கிரம் பிரிந்துவிடும். மெல்லிய, லேசாக வளைந்த வடிவங்களே சின்ன விமானங்களுக்குப் பொருந்தும். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் ஒரு நூலை நீளவாக்கில் ஒட்டிப் பாருங்கள், அது காற்றைக் கலைத்து முதுகோடு ஒட்டவைக்கும். தோற்றத்தில் நிஜ விமானம்போலவே இருக்க வேண்டுமென்றால் வால் பகுதியையாவது பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதாக்குங்கள்.

"ரேடியோ இல்லாம பறக்கவிட்டா போய்த் தொலைஞ்சிடாதா? நீராவியில பறக்குமா?"

1871-இல் அல்போன்ஸ் பெனோ பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் ஓடும் சின்ன விமானத்தை 11 நொடி, சுமார் 40 மீட்டர் பறக்கவிட்டார். ரேடியோ அப்போது இல்லவே இல்லை. பின்னால் கிடைமட்ட வாலும், மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனிகளும் அதைத் தானாக நிலைநிறுத்தின. இன்றும் ரப்பர் விமானம்போல் சமநிலையைக் கற்றுக்கொடுக்கும் வேறொன்று இல்லை. எஞ்சின் விமானத்துக்கு இரண்டு கம்பிகளைப் பிடித்து வட்டமாக ஓட்டும் முறை உண்டு, தொலைந்துபோகாது. மின்கம்பிகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே ஓட்டாதீர்கள்.

நீராவியிலும் பறக்கும். சாமுவேல் லாங்லி 1896 மே 6 அன்று நீராவி எஞ்சின் வைத்த, ஆளில்லாத விமானத்தை போட்டோமாக் நதியின் மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறக்கவிட்டார். அதன் இறக்கை 4 மீட்டருக்கு மேல் நீளம். சின்ன அளவில் பாய்லரும் தண்ணீரும் எடையைத் தின்றுவிடும் என்பதால் அரிதாகவே செய்கிறார்கள்.

"மோட்டாரும் பேட்டரியும் இருக்கறப்போ எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு பாடு?"

பறப்பது மட்டுமே நோக்கமென்றால் மின்மோட்டார் வையுங்கள். சுத்தம், சத்தம் குறைவு, நம்பகம். ஆனால் ஒரு கிலோ எரிபொருளில் இருக்கும் ஆற்றல் ஒரு கிலோ பேட்டரியில் இருப்பதைப்போல் பல பத்து மடங்கு. 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் குழுவினரின் மாதிரி விமானம், எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் இருந்தது, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை சுமார் 3,000 கிலோமீட்டரை 38 மணி 52 நிமிடத்தில் கடந்தது. பால்சா உடல், சுமார் 10 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நேற்றுவரை உருளைக் கம்பியாகக் கிடந்த இரும்பு இன்று தானாக மூச்சுவிட்டு ஓடுவது. அது வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படாது.

"வாங்கின எஞ்சின் ஒன்னு, ஆறியிருக்கும்போது மேல வந்ததும் இறுகுது. லேசா தேச்சு விடட்டுமா?"

தொடாதீர்கள். அது வேண்டுமென்றே செய்த பொருத்தம். அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளைக் குழல் கொண்ட எஞ்சின்களில் குழலின் மேல்பகுதி லேசாகக் குறுகியிருக்கும். ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சூடேறி விரியும். அப்போது குழல் நேர் உருளையாகிவிடும். எஃகுக் குழலில் அலுமினிய பிஸ்டன் ஏன் கூடாது என்பதையும் இதிலேயே பார்க்கலாம்: 15 மி.மீ. அலுமினியம் 150 பாகை சூடேறினால் 0.05 மி.மீ. விரியும், எஃகு அதில் பாதிதான் விரியும். லாப்பிங்கில் கஷ்டப்பட்டு எடுத்த சில மைக்ரானைப்போல் பல மடங்கு அந்த வித்தியாசத்திலேயே போய்விடும்.

இத்தகைய எஞ்சினைச் சுண்டுவதற்கு முன் சூடான காற்றால் சிலிண்டரைச் சற்றுச் சூடாக்குங்கள். பழக்குவதற்கென்று நெடுநேரம் எரிபொருள் மிகுதியாக, குளிர ஓடவிடாதீர்கள். குறுகிய குழலில் பிஸ்டன் உரசித் தேய்வது அப்போதுதான். வார்ப்பிரும்பு பிஸ்டன் எஞ்சினுக்கு இது நேர்மாறு, அதைச் சிறு சிறு ஓட்டங்களாக, எரிபொருள் மிகுத்தே பழக்க வேண்டும். எந்த வகையானாலும் அன்றைய ஓட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்து, சில துளி மெல்லிய எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள். மெதனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடித்துவிடும்.

"தரையில அருமையா ஓடுது, மேல ஏறினதும் நின்னுடுது. எஞ்சினா, விமானமா?"

பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொட்டி. மூக்கு மேலே தூக்கினால் எரிபொருள் ஊசி வால்வுக்கு மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும். பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று கூடும், எரிபொருளும் கூடுதலாக வேண்டும். இரண்டும் சேர்ந்து கலவையை மெலிய வைக்கின்றன. தொட்டியின் நடுக்கோடு ஊசி வால்வின் துளை மட்டத்திலோ, அதற்கு 5 முதல் 10 மி.மீ. கீழேயோ இருக்கட்டும், எஞ்சினுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. பறக்கவிடும் முன் ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்கு நிமிர்த்தட்டும். பத்து நொடி குரல் மாறாமல் ஓடினால் விடலாம், மெலிந்தால் ஊசியை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும்.

அதிர்வில் எரிபொருள் நுரைத்தாலும் இப்படி ஆகும். தொட்டியை நேராகச் சட்டத்தில் ஒட்டாமல் நுரைப்பஞ்சில் சுற்றி வையுங்கள், புரொப்பெல்லரின் இரண்டு பக்க எடையையும் சரிபாருங்கள். எஞ்சினை வலப்பக்கம் 2 பாகை, கீழ்நோக்கி 2 பாகை சாய்த்து மாட்டினால் ஏறும்போது மூக்கு அளவுக்கு மீறித் தூக்குவதும் இடப்பக்கம் இழுப்பதும் குறையும். இதையெல்லாம் செய்வதற்கு முன், எரிபொருள் குழாயைக் கழற்றி ஒரு முனையை அடைத்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி ஊதிப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளையிலிருந்து குமிழி வந்தால் அந்தக் குழாயை மாற்றினால் போதும்.